சாட்டின்வுட் என்பது எந்த மரம்? முதிரையும் அதன் பெயரில் உலவும் மற்ற மஞ்சள் மரங்களும்

இலங்கையின் வன்னிப் பகுதியிலிருந்து வரும் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும்: முதிரை மரக் குற்றிகளுடன் வாகனம் பிடிபட்டது, சாரதி கைது. பழைய மரச்சாமான்களை ஏலம் விடுகிறவர்களின் பட்டியலைப் புரட்டினால், 18ஆம் நூற்றாண்டு ஆங்கில மேசை ஒன்றின் குறிப்பில் ‘சாட்டின்வுட்’ என்று இருக்கும். அகராதியில் பார்த்தால் சாட்டின்வுட் என்றாலே முதிரைதான். பலகை விற்கும் இணையதளங்களிலோ பிரேசில் சாட்டின்வுட், நைஜீரிய சாட்டின்வுட் என்று வேறு வேறு விலையில் அடுக்கியிருக்கிறார்கள்.

சரி, இவை எல்லாம் ஒரே மரமா? இல்லை. அந்த ஆங்கில மேசையின் மரம் முதிரையாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரேசில் பலகையும் நைஜீரியப் பலகையும் நிச்சயமாக முதிரை இல்லை. மரத்தின் வயது, விலை, அதை வெட்டுவது குற்றமா இல்லையா, அதன் தூள் உடம்புக்கு ஆகுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் எந்த மரம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். அதனால் பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பெயர் வந்த வழி

சாட்டின் என்பது ஒருபக்கம் வழவழவென்று மினுங்கும்படி நெய்த துணி. இழைத்து மெருகு போட்ட பலகையில் அதே மினுக்கம் தெரிந்ததால் வியாபாரிகள் இந்தப் பெயரை வைத்தார்கள். அதாவது இது மரத்தின் பிறப்பைச் சொல்லும் பெயர் இல்லை, தோற்றத்தைச் சொல்லும் பெயர். மஞ்சளாகவும் மினுக்கமாகவும் இருக்கும் எந்தப் பலகைக்கும் இதை ஒட்டிவிடலாம். ஒட்டியும் விட்டார்கள்.

தமிழ்ப் பெயரிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஈழத்தில் முதிரை என்றால் மரம்தான். பழைய நூல்களில் முதிரை என்பது துவரை, பயறு போன்ற பருப்பு வகைகளைக் குறிக்கும் சொல். அங்கே மரத்தைத் தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டில் இதே மரத்துக்குப் பொரசு, வம்மரை என்ற பெயர்கள் உண்டு. பொரசு என்பதைக் கொஞ்சம் மாற்றிப் புரசு என்று சொல்லிவிட்டால் அது பலாச மரமாகிவிடும். செந்நிறப் பூ பூக்கும் அந்த மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இன்னொன்று, மரமஞ்சள். பெயரைக் கேட்டு மஞ்சள் பலகை தரும் மரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் மரத்தன்மையுள்ள கொடி. அதன் தண்டை அறுத்துப் பலகை எடுக்க முடியாது, மருந்துக்குத்தான் உதவும்.

தாவரவியலாளர்களும் தொடக்கத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் தாவரங்களை விவரித்த வில்லியம் ராக்ஸ்பர்க், இதை மகோகனியின் பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில்) சேர்த்து ‘சுவைட்டெனியா குளோராக்சைலான்’ என்று எழுதினார். 1824இல் தாவரவியலாளர் டி காண்டோல் இதற்குத் தனிப் பேரினம் ஒதுக்கியபோது பெயர் அப்படியே தலைகீழானது: குளோராக்சைலான் சுவைட்டெனியா. குளோராக்சைலான் என்பது மஞ்சள்கலந்த பச்சை மரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. பின்பாதியில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய மகோகனி மயக்கத்தின் மிச்சம்.

அசல் என்று சொல்லத்தக்கவை இரண்டு

மரவணிகத்தில் எந்த அடைமொழியும் இல்லாமல் சாட்டின்வுட் என்றால் கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றைத்தான் குறிக்க வேண்டும்.

1. கிழக்கிந்திய சாட்டின்வுட். இதுதான் முதிரை. இந்தியாவின் தென், மத்திய பகுதிகளிலும் இலங்கையிலும் வறண்ட இலையுதிர் காடுகளில் இயற்கையாக வளர்வது. இலங்கையில் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், அநுராதபுரம், பொலன்னறுவை என உலர்வலயம் முழுக்க இதன் நிலம். சிங்களத்தில் புருத என்பார்கள். இதன் பேரினத்தில் இன்னும் இரண்டு இனங்கள் உண்டு. இரண்டும் மடகாஸ்கரில் மட்டுமே இருப்பவை.

2. மேற்கிந்திய சாட்டின்வுட். தாவரவியல் பெயர் சாந்தோக்சைலம் ஃபிளேவம். கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா, புவேர்ட்டோ ரிக்கோ, பகாமாஸ் போன்ற கரீபியத் தீவுகள் இதன் வீடு. புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் சில மரங்களும் பெர்முடாவில் சில மரங்களும் இருக்கின்றன.

இரண்டும் ஒரே குடும்பம் என்பதுதான் வேடிக்கை. எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் அடங்கிய ரூட்டேசியே குடும்பம் அது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாக எண்ணெய்ச் சுரப்பிகள் தெரியும், கசக்கினால் காட்டமாக வாசம் வரும். முதிரை இலையிலும் இதைப் பார்க்கலாம். ஒரே குடும்பத்தில் இருந்தாலும் பேரினம் வேறு, கண்டம் வேறு. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மினுக்கம் எங்கிருந்து வருகிறது?

மரம் என்பது நெடுக்காக அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. இந்தக் குழாய்களைத்தான் நார் என்கிறோம். எளிதாகப் பிளக்கும் மரங்களில் நார் தண்டோடு நேராக ஓடும். முதிரையில் அப்படி இல்லை. சில ஆண்டுகள் நார் தண்டைச் சுற்றி வலப்பக்கமாகச் சாய்ந்து வளரும்; பிறகு திசை மாறி இடப்பக்கமாகச் சாயும்; மறுபடி வலம். இதைப் பின்னுநார் என்று சொல்லலாம். கயிறு முறுக்குவதில் ஒரு சுற்று இப்படியும் அடுத்த சுற்று அப்படியும் முறுக்கியது போல.

இந்தத் தடியை மையத்திலிருந்து வெளிப்பட்டையை நோக்கி, அதாவது ஆரத்தின் திசையில் அறுத்தால், பலகையின் முகத்தில் வலச்சாய்வு அடுக்குகளும் இடச்சாய்வு அடுக்குகளும் மாறி மாறி வெட்டுப்படும். சாய்ந்த நார் ஒவ்வொன்றும் குட்டிக் கண்ணாடி மாதிரி. ஒரு அடுக்கு ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும்போது பக்கத்து அடுக்கு வேறெங்கோ அனுப்பும். எனவே ஒன்று வெளிறியும் ஒன்று இருண்டும் நாடா நாடாவாகத் தெரியும். பலகையைத் திருப்பினாலோ நாம் நகர்ந்தாலோ வெளிறியது இருளும், இருண்டது வெளிறும். நிறமியில் வேறுபாடு எதுவும் இல்லை. மாறுவது ஒளியின் கோணம் மட்டுமே.

சாய்வோடு நார் அலையலையாகவும் நெளிந்திருந்தால் நாடாவுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை திட்டுகள் தோன்றும். தேனீயின் இறக்கை என்று ஐரோப்பியத் தச்சர்கள் வர்ணித்த உருவம் இதுதான். ஒரே காட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றில் இது இருக்கும், மற்றதில் இருக்காது. வெட்டிப் பார்க்கும்வரை உறுதியாகச் சொல்லவும் முடியாது. உருவம் நிறைந்த தடிக்கும் வெறும் தடிக்கும் விலையில் பெரிய இடைவெளி இருப்பதற்கு இதுவே காரணம்.

மஞ்சள் நிறம் வேறு கதை. வயதாக ஆக மரத்தின் உட்பகுதி செத்து, அதில் பல வேதிப்பொருட்கள் படிகின்றன. தச்சர்கள் சேகு என்றும் வைரம் என்றும் சொல்வது அந்தப் பகுதியைத்தான். நிறம், வாசனை, பூச்சியை விரட்டும் குணம் மூன்றும் இந்தப் படிவுகளின் வேலை. இதே படிவுகள்தான் தோலில் அரிப்பையும் உண்டாக்குகின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

கனமும் கடினமும்

காய்ந்த முதிரை கன மீட்டருக்குச் சராசரியாக 975 கிலோ எடை இருக்கும். ஒரு கன அடி என்று பார்த்தால் ஏறத்தாழ 27.6 கிலோ. தேக்கு அதே அளவுக்கு 18, 19 கிலோதான் வரும். தண்ணீரின் எடை கன மீட்டருக்கு 1000 கிலோ என்பதால் காய்ந்த முதிரை மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவே தத்தளிக்கும். பச்சை மரம் மூழ்கிவிடும்.

கடினத்தை அளக்க ஜாங்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பலகையில் பாதி புதையும்வரை அழுத்தி, எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். முதிரைக்குத் தேவைப்படுவது தேக்குக்கு ஆவதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தச்சருக்கு இது தலைவலி. உளியும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும். இழைப்புளியை ஒரு திசையில் தள்ளினால் வலச்சாய்வு அடுக்கு வழுக்கிக்கொண்டு இழையும், இடச்சாய்வு அடுக்கு பிசிறடித்துப் பெயரும். திசையை மாற்றினாலும் இதே கதைதான், அடுக்கு மட்டும் மாறும். அவசரமாக உலர்த்தினால் மேற்பரப்பில் மயிர்வெடிப்பு விழும், பலகை முறுக்கிக்கொள்ளும். அழகைத் தருகிற அதே பின்னுநார்தான் வேலையையும் கெடுக்கிறது.

பாலம் கட்டிய மரம்

மேசைக்கும் பெட்டிக்குமான ஆடம்பர மரம் என்ற பெயர் ஐரோப்பாவில் கிடைத்தது. மரம் வளர்ந்த ஊரில் அதைச் சும்மா உறுதியான மரமாகத்தான் பார்த்தார்கள். இதற்கு மிகப் பெரிய சாட்சி இலங்கையின் பேராதனையில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே 1833இல் கட்டிய பாலம். 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டிய அந்தப் பாலம் முழுக்க முதிரை. ஆணியோ போல்ட்டோ இல்லாமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தியே கட்டினார்கள். 1905இல் கழற்றி வேறு பாலம் போடும்வரை, ஏறத்தாழ 70 மழைக்காலங்களை அது பார்த்தது.

லண்டனில் மில்லிமீட்டர் கணக்கில் சீவி ஒட்டிக்கொண்டிருந்த மரத்தை இங்கே ஆற்றின்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தின் விட்டங்கள் எவ்வளவு வயதான மரங்களிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இன்றைக்குப் பிடிபடும் குற்றிகளின் பருமன் ஏன் ஏமாற்றமளிக்கிறது என்பது விளங்கும்.

வெனீர் கணக்கு

ஆங்கில மரச்சாமான் வரலாற்றை ஓக் காலம், வால்நட் காலம், மகோகனி காலம், சாட்டின்வுட் காலம் என்று நான்காகப் பிரிப்பது பழைய வழக்கம். கடைசிக் காலம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்குகிறது. ராபர்ட் ஆடம், ஹெப்பிள்வைட், ஷெரட்டன் ஆகிய வடிவமைப்பாளர்களின் பாணி கோலோச்சிய நாட்கள் அவை. முதலில் அவர்களுக்குக் கிடைத்தது கரீபிய மரம். 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் முதிரை கப்பலேறியது. போகப்போக அதுவே சந்தையைப் பிடித்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெரட்டன் பாணிக்கு மறுபடி மவுசு வந்தபோது செய்த சாமான்களில் பெரும்பாலும் முதிரைதான்.

ஏலப் பட்டியலில் ஒரு மேசையின் வயதைத் தீர்மானிக்க நிபுணர்கள் மரத்தை உற்றுப் பார்ப்பது இதனால்தான். 1770 என்று குறித்த மேசையில் முதிரை இருந்தால் தேதி மேல் சந்தேகம் எழும்.

இந்தச் சாமான்களில் அநேகமாக எதுவும் முழுச் சாட்டின்வுட் இல்லை. உள்ளே மலிவான மரச்சட்டம், மேலே மெல்லிய தகடு. அந்தத் தகடுதான் வெனீர். ஏன் இப்படி?

1. முழுப்பலகை காலப்போக்கில் வெடிக்கும். தகடு அடிப்பலகையோடு ஒட்டியிருப்பதால் அதற்கு முறுக்கிக்கொள்ள இடமில்லை.
2. கனம் குறையும்.
3. ஒரு தடி நெடுந்தூரம் போகும். ஒரு அடி கனசதுரத்தைக் கையால் அறுத்து, ரம்பம் தின்னும் தூளையும் சேர்த்துத் தகடு ஒன்றுக்கு 5 மில்லிமீட்டர் செலவாகிறது என்று கொண்டால் சுமார் 60 சதுர அடி தேறும். இன்றைய இயந்திரக் கத்தி தூளே இல்லாமல் 0.6 மில்லிமீட்டருக்குச் சீவுகிறது. காகிதக் கணக்கில் 500 சதுர அடி.

மூன்றாவதை வைத்து, மெல்லிசாகச் சீவினால் காடு பிழைக்கும் என்று வாதிடுவது உண்டு. எனக்கு அது அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. கள்ளத்தனமாக வெட்டப்படும் முதிரை வெனீர் ஆலைக்குப் போவதில்லை. கதவும் நிலையும் கட்டிலும் ஆகிறது.

சாட்டின்வுட் பெயரில் வரும் மற்றவை

1. பிரேசில் சாட்டின்வுட். போர்ச்சுகீசியத்தில் பாவ் அமரேலோ, அதாவது மஞ்சள் மரம். தாவரவியல் பெயர் யூக்சைலோஃபோரா பாரென்சிஸ். அமேசான் காட்டு மரம். இதுவும் எலுமிச்சைக் குடும்பம்தான். பளிச்சென்ற மஞ்சள், ஆனால் நாடா உருவம் அவ்வளவாக இருக்காது.

2. நைஜீரிய சாட்டின்வுட். அயன் என்றும் மொவிங்கி என்றும் விற்கிறார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மரம், அவரைக் குடும்பம். உருவத்தில் முதிரைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் எடை கணிசமாகக் குறைவு.

3. ஃபுஸ்டிக். வெப்பமண்டல அமெரிக்காவில் வளரும், பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். பலகையைவிடச் சாயத்துக்கே பேர்போனது. மொரின் என்ற மஞ்சள் நிறமி இதில் நிறைய இருக்கிறது. வெயில் பட்டால் பழுப்பாகிவிடும்.

4. பலா. இதற்கு யாரும் சாட்டின்வுட் என்று பெயர் வைக்கவில்லை. ஆனாலும் புதிதாக அறுத்த பலாப் பலகையின் மஞ்சள் யாரையும் ஏமாற்றும். இதிலும் மொரின்தான். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாக்கட்டைச் சாயம் போடுவது நெடுநாள் வழக்கம்.

5. மஞ்சக்கடம்பு. பெயரிலேயே நிறம் இருக்கிறது. சீரான, மென்மையான மஞ்சள், மினுக்கம் இல்லை. காப்பிச் செடியின் குடும்பம்.

அந்தந்த வேலைக்கு இவையும் நல்ல மரங்கள்தான். குறை, பெயரை இரவல் வாங்கி விற்பதில் இருக்கிறது.

கையில் இருப்பது எது?

வாங்குபவர் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியவை சில:

1. எடை போடுங்கள். நீள அகல கனத்தைப் பெருக்கி, எடையை அதால் வகுங்கள். விடை கன மீட்டருக்கு 900 கிலோவுக்குக் கீழே நன்றாக இறங்கினால் முதிரை என்று நம்புவது கடினம்.
2. குறுக்கே வெட்டிய முனையைக் கூரான கத்தியால் ஒருமுறை சீவிவிட்டுப் பாருங்கள். பலாவிலும் மொவிங்கியிலும் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். முதிரையில் அவை நுண்ணியவை, பூதக்கண்ணாடி வேண்டும்.
3. ஒரு துண்டில் பாதியை மூடி மீதியைச் சில வாரம் வெயிலில் வையுங்கள். முதிரை தேன்நிறத்துக்கு மெல்ல மாறும். மொரின் உள்ள மரங்கள் வெகுவாகப் பழுப்பாகும்.

கரீபிய மரத்தையும் முதிரையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இவை போதாது; நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி.

தூள்

முதிரை அறுக்கும் பட்டறைகளில் கை, முகம், கண்ணிமை தடித்து அரிப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் மருத்துவப் பதிவுகளுக்கு வந்துவிட்டது. மரத்திலிருந்து பிரித்தெடுத்த அல்கலாய்டுக்கு (தாவரங்களில் இருக்கும் ஒருவகை வேதிப்பொருள்) அப்போது குளோராக்சைலோனின் என்று பெயரிட்டார்கள். அது ஸ்கிம்மியானின் என்ற பொருளேதான் என்று பிற்பாடு தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வாமை முதல் நாளே வந்தாக வேண்டியதில்லை. உடல் அந்தப் பொருளைப் பழகிப் பகைத்துக்கொள்ளக் காலம் எடுக்கலாம். ‘இத்தனை வருசமா அறுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை’ என்பது அதனால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. முகக்கவசம், முழுக்கை, தூளை உறிஞ்சும் ஏற்பாடு ஆகியவை வேண்டும். மெருகு போட்டு மூடிய சாமானைப் பயன்படுத்துபவருக்கு ஆபத்து மிகக் குறைவு.

அப்புறம் ஏன் வழக்கு?

செய்தியில் வரும் கைதுகளுக்கு வருவோம். முதிரை மெதுவாக வளரும் மரம். வெட்டிய அடிக்கட்டை தளிர்க்கும், வேரிலிருந்தும் கன்று கிளம்பும். ஆனால் அது வைரம் பாய்ந்த தடியாக ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். பெயர்பெற்ற மரமாக இருப்பதால் நேரான, பருத்த மரமே முதலில் போகிறது. விதை பரப்ப மிஞ்சுவது கோணலும் நோஞ்சானும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998 மதிப்பீட்டில் இதை அழியவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. கரீபிய மரத்தின் கதை இன்னும் முந்தையது: பெர்முடாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே அதை வெட்டி ஏற்றுமதி செய்து கிட்டத்தட்டத் தீர்த்துவிட்டார்கள்.

இலங்கையில் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவது 1990 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம். 2009 திருத்தத்தில் அது வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று பெயர் மாறி, தண்டனையும் கடுமையானது. வாசகர்கள் குழம்பும் இடம் இங்கேதான் இருக்கிறது. குற்றங்கள் தனித்தனி:

1. அரசக் காட்டில் வெட்டுவது.
2. அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றிச் செல்வது. மரம் சொந்தக் காணியில் நின்றதாகவே இருந்தாலும் முதிரையை வண்டியில் ஏற்றப் பத்திரம் வேண்டும். ‘என் வளவு மரம்தானே’ என்ற பதில் வீதிச் சோதனையில் செல்லாமல் போவது இதனால்தான்.

மூன்றாவதாக வாகனம். சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம் அரசுடைமையாகலாம். உரிமையாளர் வேறொருவர் என்றால், தன் வாகனம் இப்படிப் பயன்படாமலிருக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக அவர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். சாரதி தண்டப்பணம் கட்டி வெளியே வந்த பிறகும் உழவு இயந்திரம் மாதக்கணக்கில் நீதிமன்ற வளவில் நின்று துருப்பிடிப்பதற்கு இந்த விசாரணைதான் காரணம்.